நாலு பக்கமும் டேப் பிடித்தால் போதுமா?

துபாயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "திருச்சியிலிருந்து சென்னை போகும் ரோட்டில், சமயபுரம் தாண்டி, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 2015-ல் ஒரு மனை வாங்கினோம். தெற்குப் பார்த்த மனை, 40-க்கு 60. வருகிற ஆவணியில் பூமி பூஜை போட்டு வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறோம். போன வாரம் அப்பா டேப் பிடித்துப் பார்த்ததில் ரோட்டுப் பக்க அகலம் 38 அடி 7 அங்குலம்தான் வருகிறது. மேற்கே இருப்பவர் ஏற்கெனவே காம்பவுண்டு கட்டிவிட்டார், அவர்தான் நம் இடத்துக்குள் வந்திருக்கிறார் என்கிறார் அப்பா. கிழக்கு மனை காலியாகக் கிடக்கிறது. என் மைத்துனர் போனில் ஒரு ஆப் வைத்து அளந்துவிட்டு 41 அடி இருக்கிறது என்கிறார். கான்ட்ராக்டரோ, சர்வே எல்லாம் வீண் செலவு, மேஸ்திரி நூல் பிடித்தாலே போதும், இருக்கிற இடத்தில் அட்ஜஸ்ட் பண்ணிக் கட்டிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சர்வே அவசியம்தானா?"

அவசியம். உங்கள் விஷயத்தில் அது வீட்டுக்குப் பிளான் போடுவதற்கும் முன்னால் நடக்க வேண்டிய வேலை. பிளான் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் அதை அப்படியே கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

முதலில் மைத்துனரின் 41 அடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் இருக்கும் ஜிபிஎஸ், வெட்டவெளியில் நல்ல சிக்னல் கிடைத்தால்கூட நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டக்கூடியது. உங்கள் மனையின் அகலமே 12 மீட்டர் சொச்சம்தான். நிலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி கண்டுபிடிக்க அது உதவும், எல்லை பிடிக்க உதவாது. சர்வேக்காரர்கள் கொண்டுவரும் டிஜிபிஎஸ் கருவி வேறு. தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு கருவியை நிறுத்தி, அங்கே வரும் பிழையை உடனுக்குடன் கழித்து, ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லும்.

அப்பாவின் அளவுக்கு வருவோம். டேப் பொய் சொல்லாது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் டேப்பைப் பிடிக்கிற விதத்தில் நிறைய மாறும். ஃபைபர் டேப் என்றால் இழுக்கிற இழுப்புக்கு நீளும், தளர்வாகப் பிடித்தால் நடுவில் தொய்யும். சரிவான தரையில் தரையோடு ஒட்டிப் பிடித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். 60 அடி நீளத்தில் 4 அடி பள்ளம் இருந்தால் அந்த ஒன்றிலேயே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும், ஏனென்றால் பத்திரத்தில் இருக்கும் அளவு எப்போதும் மட்டமாகப் பிடித்த அளவு. வெயிலும் ஒரு காரணம்தான். ஸ்டீல் டேப் 30 மீட்டருக்கு, 20 டிகிரி சூடு ஏறினால் 7 மில்லிமீட்டர் நீளும். வீட்டு மனைக்கு இது பெரிதில்லை, ஆனால் பெரிய அளவையில் இதையும் விடுவதில்லை: 1802-ல் லாம்டன் என்கிற பிரிட்டிஷ் அளவையாளர் சென்னை பரங்கிமலைப் பக்கம் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, போட்டபோது, சுமார் ஏழரை மைல் தூரத்தை ஸ்டீல் சங்கிலியால் அளந்தார்கள், சங்கிலிப் பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி அளவைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

இவ்வளவையும் சேர்த்துப் போட்டாலும் 40 அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாது. உங்களுக்குக் குறைவது 17 அங்குலம். ஆக, டேப் தவறு இல்லை, வேறு எதுவோ நடந்திருக்கிறது. அப்பா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அது மேற்கு வீட்டுக்காரர்தான் என்று இன்றைக்கே முடிவு கட்டுவது அவசரம்.

அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு அளந்தீர்கள்? கிழக்குப் பக்கக் கல் மனை போட்ட நாளில் நட்ட இடத்திலேயே இருக்கிறதா? காலி மனைகளில் கல் நகர்வது சர்வசாதாரணம். முள் சுத்தம் பண்ண வந்த ஜேசிபி தட்டிவிடும், பக்கத்து மனைக்கு மண் அடிக்க வந்த டிப்பர் ஏறிவிடும், யாரோ ஒருவர் விழுந்து கிடந்த கல்லை நல்லெண்ணத்தில் எடுத்துக் கண் மதிப்பில் நட்டுவிட்டுப் போவார். நேராக நிற்கிறது என்பதால் அது சரியான இடத்தில் நிற்கிறது என்று ஆகிவிடாது. கல்லைச் சுற்றி மண் இளக்கமாக இருக்கிறதா, அடியில் பழைய கான்கிரீட் இருக்கிறதா என்று பார்த்தாலே கொஞ்சம் பிடிபடும்.

அதனால்தான் உங்கள் மனையை மட்டும் அளந்து பிரயோஜனமில்லை, வரிசை முழுவதையும் அளக்க வேண்டும் என்கிறேன். இரண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவில் உங்கள் வரிசையில் எட்டு மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 320 அடி இருக்க வேண்டும். முதலில் மொத்தத்தை அளக்க வேண்டும், அப்புறம்தான் ஒவ்வொன்றாக. மொத்தம் 320 சரியாக வந்து உங்களுக்கு மட்டும் 17 அங்குலம் குறைந்தால், அந்த 17 அங்குலம் அந்த வரிசையிலேயே யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். மேற்கு வீட்டுக்காரர் 41 அடி 5 அங்குலத்தில் காம்பவுண்டு போட்டிருந்தால் விஷயம் தெளிவு. ஆனால் பல இடங்களில் நான் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்: முனை வீட்டுக்காரர் ஓரிரண்டு அங்குலம் தள்ளிக் கட்டியிருப்பார், அடுத்தவர் அவர் சுவரிலிருந்து 40 அடி அளந்து தன் சுவரை வைத்திருப்பார், அதற்கடுத்தவரும் அப்படியே, ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இன்னும் இரண்டு மூன்று அங்குலத்தைச் சேர்த்துவிட்டிருப்பார்கள், எல்லாருமே தங்கள் மனசாட்சிப்படி சரியாகத்தான் அளந்திருப்பார்கள், கடைசியாகக் கட்ட வருகிறவர் தலையில் மொத்தக் குறையும் விடியும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சரியாக 40 அடியில் இருந்து, ஆனால் அவர் வீடே மொத்தமாக 17 அங்குலம் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய் "எங்கள் இடத்தைத் திருடிவிட்டாய்" என்று சண்டை போட்டால், ஆயுசுக்கும் பக்கத்தில் வாழப்போகிற மனிதரைக் காரணமில்லாமல் எதிரியாக்கிக்கொள்வீர்கள்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மொத்தமே 320 இல்லாமல் 318 சொச்சம் இருந்தால், மனை பிரித்தவர் தரையில் அளந்து போட்டபோதே தவறு நடந்திருக்கிறது.

சரி, இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்வது? நான்கு காகிதங்களை அப்பாவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்திரம், அதில் சொத்து விவரத்தில் நான்கெல்லையோடு "கீழ்மேல் வடபுறம், தென்புறம், தென்வடல் கீழ்புறம், மேல்புறம்" என்று நான்கு அளவும் தனித்தனியாக இருக்கும் (கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு), அதை இன்னொரு முறை படியுங்கள், பலர் 40-க்கு 60 என்று வாயில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், பத்திரத்தில் தென்புறம் 40, வடபுறம் 39 என்று இருக்கும். இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம். மூன்றாவது, உங்கள் பெயரில் பட்டா, அதில் உட்பிரிவு எண் வந்திருக்கிறதா என்பது முக்கியம். நான்காவது, எஃப்எம்பி என்கிற புலப்படம், இணையத்திலேயே எடுக்கலாம். உட்பிரிவு ஆகியிருந்தால் உங்கள் மனை அதில் தனியாகத் தெரியும், ஆகாவிட்டால் மொத்த சர்வே எண்ணுக்குள் எங்கோ அடங்கியிருக்கும், அப்போது மனைப்பிரிவு வரைபடத்தையும் புலப்படத்தையும் சேர்த்து வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

புலப்படத்தை பிரின்ட் எடுத்து அதன்மேல் ஸ்கேல் வைத்து அளக்கிற பழக்கம் சில இன்ஜினீயர்களிடம்கூட இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். 1:1000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர், கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடே தரையில் 25 சென்டிமீட்டர். பிரின்டர் கொஞ்சம் சுருக்கி அடித்தால் அதுவும் சேரும். கோட்டை அளக்கக் கூடாது, கோட்டின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

அடுத்து, அரசு அளவை. எல்லையை அளந்து காட்டச் சொல்லி நில அளவைத் துறைக்கு இணையவழியாகவே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம், துபாயிலிருந்து நீங்களேகூடச் செய்யலாம், முடியாவிட்டால் அப்பா இ-சேவை மையத்தில் போடட்டும். குறுவட்ட அளவர் வரும் நாளில் மேற்கு வீட்டுக்காரர், கிழக்கு மனையின் உரிமையாளர் இரண்டு பேரும் இருக்க வேண்டும். கிழக்குக்காரரை விட்டுவிடாதீர்கள், காலி மனைதானே என்று யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, கல் கிழக்குப் பக்கம் நகர வேண்டியிருந்தால் அவர்தான் நாளை வந்து நிற்பார். அதிகாரி வருவதற்கு முன்பே அப்பா மேற்கு வீட்டுக்குப் போய், "வீடு கட்டப்போகிறோம், எதற்கும் ஒரு தடவை எல்லாருமா இருந்து அளந்துக்குவோம்" என்று பேசிவிட்டு வருவது நல்லது. பத்திரத்தையும் பட்டாவையும் அவரையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அரசு அளவையோடு தனியார் சர்வேயும் செய்யச் சொல்வேன். ஏன் இரண்டுமே என்று கேட்பீர்கள். எல்லை எங்கே என்பதற்குச் சட்டப்படி மதிப்பு அரசு அளவருடைய கையெழுத்துக்குத்தான். தகராறு கோர்ட்டுக்குப் போனாலும் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர், பெரும்பாலும் அந்த வட்டத்து அளவரைத்தான் கூட்டிக்கொண்டு வருவார். ஆனால் வீட்டின் ஒவ்வொரு காலத்தையும் (தூணையும்) மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக் கொடுப்பது அவர் வேலை இல்லை. அதற்கு டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் ஒருசேர அளக்கும் கருவி) வைத்திருக்கும் தனியார் சர்வேயர் வேண்டும். உங்கள் மனை மாதிரி ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும், உங்கள் கான்ட்ராக்டர் வீண் செலவு என்று சொல்வது இதைத்தான்.

அவர் சொல்லும் "அட்ஜஸ்ட்" எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அனுமதிக்குக் கொடுக்கும் பிளானில் 40 அடி என்று காட்டி, தரையில் 38 அடி 7 அங்குலத்தில் அதே வீட்டைக் கட்டினால், குறையும் 17 அங்குலமும் பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியிலிருந்துதான் போகும். 2024-லிருந்து, 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது, உங்கள் 2400 சதுர அடி மனை அதற்குள் வரும். நல்ல வசதி, நானும் வரவேற்கிறேன். ஆனால் அனுமதி கொடுப்பதற்கு முன் யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை. அளவு சரி என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது நீங்கள். வீட்டுக்கடன் வாங்குகிறீர்கள் என்றால் பேங்க் அனுப்பும் மதிப்பீட்டு இன்ஜினீயரும் டேப்போடு வருவார், அவர் ரிப்போர்ட்டில் 38 அடி 7 அங்குலம் என்று எழுதினால் அங்கேயே இழுபறி தொடங்கும்.

இதுவரை பேசியது எல்லை. எல்லை சரியான பிறகு மூலை இருக்கிறது, இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நாலு பக்கமும் 40, 60, 40, 60 என்று சரியாக இருந்தாலும் மனை சரியான செவ்வகமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சாய்ந்து நிற்கலாம். மூலை 90 டிகிரிக்குப் பதில் 87 ஆக இருந்தால், பின்பக்கம் முழுவதும் 3 அடிக்கு மேல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பரப்பளவோ மூன்று நாலு சதுர அடிதான் குறையும், அதனால் பரப்பை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடிக்கும் வழி மூலைவிட்டம். 40-க்கு 60 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி ஒன்றரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். 3 டிகிரி சாய்ந்த மனையில் ஒன்று 73 அடி 10 அங்குலமும் இன்னொன்று 70 அடி 4 அங்குலமும் வரும். இதை அப்பாவே இந்த ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்க்கலாம், மட்டமாகப் பிடித்து, இரண்டு பேர் சேர்ந்து. இரண்டுக்கும் நடுவில் அடிக்கணக்கில் வித்தியாசம் வந்தால், செவ்வக வீட்டுப் பிளானை அந்த மனையில் அப்படியே வைக்க முடியாது.

அப்புறம் மார்க்கிங். மேஸ்திரியின் நூலையும் மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நான் குறைத்துப் பேசவே மாட்டேன். மூணு-நாலு-அஞ்சு போட்டு மூலை எடுக்கிற நல்ல மேஸ்திரி, சுவரைக் கச்சிதமாகத் தூக்கிவிடுவார். பிரச்சினை அவர் காலம் குறிக்கிற முறையில் வருகிறது. முதல் காலத்திலிருந்து இரண்டாவதுக்கு அளந்து குறிப்பார், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, அங்கிருந்து நாலாவதுக்கு, அதிலிருந்து ஐந்தாவதுக்கு. ஒவ்வொரு இடத்திலும் கால் அங்குலம் கூடினால் கடைசிக் காலம் ஒரு அங்குலம் வெளியே நிற்கும். எல்லாக் காலத்துக்கும் ஒரே ஒரு ஆரம்பப் புள்ளியிலிருந்து அளவு எடுக்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் இதைத்தான் செய்கிறது, ஒவ்வொரு காலத்தின் மையத்துக்கும் அதற்குரிய எண்ணைக் கொடுத்து நேராக அந்த இடத்தில் முளை அடிக்க வைக்கும்.

ஒரு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று உங்கள் கான்ட்ராக்டர் கேட்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ல், ஃபுட்டிங்கின், அதாவது தூணுக்கு அடியில் போடும் அடித்தளத்தின், மையம் விலகலாம் என்று அனுமதித்திருப்பது ஃபுட்டிங் அகலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும், அதுவும் எவ்வளவு அகல ஃபுட்டிங்காக இருந்தாலும் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உங்கள் வீட்டுக்கு 5 அடி ஃபுட்டிங் என்றால் 30 மில்லிமீட்டர், ஒரு அங்குலம் சொச்சம், அவ்வளவுதான் இடம். அதற்கு மேல் விலகினால் என்ன நடக்கிறது தெரியுமா? தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீம் கட்டும் நாளில் நூல் பிடித்துப் பார்ப்பார்கள், ஒரு காலம் மட்டும் இரண்டு அங்குலம் உள்ளே இருக்கும். ஃபுட்டிங்கை இடித்துப் போட யாருக்கும் மனசு வராது. ஃபுட்டிங்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் பைப்பைச் செருகி ஆளுக்கு ஒரு பக்கம் தொங்கி வளைப்பார்கள், வளைத்த கம்பியோடு காலத்தைத் தூக்கிவிடுவார்கள், பூசிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மேலே வரும் இரண்டு மாடிச் சுமையும் அந்த வளைந்த இடத்தில்தான் இறங்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, அரை நாள் மார்க்கிங்கில் தவிர்த்திருக்கக்கூடிய விஷயம் இது.

மட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை தொடங்கும் முன்பே, தோண்டும்போது ஆட்டம் காணாத ஒரு இடத்தில், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் மாதிரி, உயரத்தை ஒப்பிட ஒரு பெஞ்ச் மார்க் (நிலையான குறி) குறித்துவிட்டு, ரோட்டின் நடு மட்டம், வடிகாலின் அடி மட்டம், மனையின் நாலு மூலை எல்லாவற்றையும் அதிலிருந்து ஆட்டோ லெவல் என்கிற மட்டக் கருவியை வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பிய குழாயால் பார்க்கும் டியூப் லெவல் பக்கத்துப் பக்கத்துக் காலங்களுக்குப் போதும், 60 அடி தாண்டிப் போகும்போது குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் ஏமாற்றிவிடும். பின்பக்க பாத்ரூமிலிருந்து ரோட்டுக்கு 70 அடி என்றால், கழிவுக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று சரிவு வைத்தால்கூட 14 அங்குலம் இறக்கம் தேவை. நாளைக்குப் பாதாளச் சாக்கடை வரலாம், ரோட்டை மறுபடி மறுபடி போட்டு உயர்த்தலாம். பிளிந்த் உயரத்தை, அதாவது வீட்டுத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, இந்த எண்களை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும், "பக்கத்து வீட்டைவிட அரை அடி ஏத்திக்கலாம்" என்று வாய்ப்பேச்சில் இல்லை.

தனியார் சர்வேயரிடம் கடைசியில் வாங்க வேண்டியது வெறும் சுண்ணாம்புக் கோடு இல்லை. நாலு பக்கம், இரண்டு மூலைவிட்டம், பரப்பு, மட்டங்கள் எல்லாம் எழுதிய வரைபடம், அதன் கேட் (CAD) ஃபைல், அப்புறம் வானம் தோண்டுகிற இடத்துக்கு வெளியே கான்கிரீட்டில் பதித்த இரண்டு குறிப்புப் புள்ளிகள். தோண்டியதும் முளையும் சுண்ணாம்பும் மண்ணோடு போய்விடும், அந்த இரண்டு புள்ளி இருந்தால்தான் திரும்பப் பிடிக்க முடியும். மூன்று தடவை அவரைக் கூப்பிடுங்கள்: பிளானுக்கு முன்னால், தோண்டுவதற்கு முன்னால், ஃபுட்டிங் போட்ட பிறகு காலத்தின் அடி எழுப்பும் முன்னால். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே, சர்வேயர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த கட்டம், அடுத்த தவணை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அளவையின் முடிவு மூன்றில் எதுவாக வந்தாலும் வழி இருக்கிறது. கல் நகர்ந்திருந்தால் அளவர் முன்னிலையில் சரியான இடத்தில் நட்டு முடித்துவிடலாம். மனை பிரிக்கும்போதே குறைந்திருந்தால், இருக்கிற அகலத்துக்குப் பிளானை மாற்றுங்கள், பத்திரத்தில் பிழைத்திருத்தல் பற்றி ஆவண எழுத்தரிடம் பேசுங்கள். மேற்குச் சுவர்தான் உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்தால், பேசிப் பார்த்து, எதை ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்குங்கள், முடியாவிட்டால் வக்கீலைப் பார்த்த பிறகு மட்டும் வேலையைத் தொடங்குங்கள், அந்தச் சுவரை ஒட்டி உங்கள் சுவரை எழுப்பிவிட்டால் அந்த எல்லையை நீங்களே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

ஆவணி முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பூஜையைப் போட்டுவிடுங்கள், அதற்கு ஈசானிய மூலையில் ஒரு சின்னக் குழி போதும், வானம் தோண்டுவது அளவை முடிந்த பிறகு இருக்கட்டும். அதுவரை அந்தக் கிழக்குக் கல்லை அப்பா தொட வேண்டாம், நேராக்கி வைக்கவும் வேண்டாம். அரசு நட்ட எல்லைக்கல்லை நகர்த்துவது தண்டனைக்குரிய குற்றம், மனை போட்டவர் நட்ட கல்லாக இருந்தாலும் அளவர் வரும்போது அது இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே இருப்பதுதான் உங்களுக்குச் சாட்சி. தேதி தெரியும்படி நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.